வண்டிக்கார வூட்டு சூப்பர்வைசர்

லப்பைக்குடிக்காட்டில் ஜபருல்லா வண்டி ஓட்டி எவரும் பார்த்ததில்லை. சவூதியிலிருந்து லீவில் வரும்போதெல்லாம் மைத்துனனின் பைக்கில் பின்னால்தான் உட்கார்ந்து போவார். அதிலும் பயந்த ஆள் போல சீட்டுக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார். "மச்சான், சும்மா ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்களேன்" என்று சாவியை நீட்டினால், "எனக்கு சைக்கிளே வராதுப்பா, இதுல பைக்கா" என்று சிரித்து ஒதுங்கிவிடுவார். கூட இருப்பவர்களும் சிரிப்பார்கள். "ஏசி ரூம்ல உக்காந்து கையெழுத்துப் போடுற சூப்பர்வைசரு. அவருக்கு எதுக்குப்பா வண்டி" என்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்டால்தான் அவருக்கு லீவு நாளில் சோறு இறங்கும்.

உள்ளபடி, தொண்ணூற்றைந்தில் தம்மாம் போய் இறங்கியதிலிருந்து அவர் பார்த்த ஒரே வேலை வண்டி ஓட்டுவதுதான். ஏஜென்ட் சொல்லி அனுப்பியது ஸ்டோர் கீப்பர் வேலை. போய் இறங்கியதும் பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டிவைத்த அரபி முதலாளி, கார் சாவியைக் கையில் திணித்து வீட்டு டிரைவராக்கிவிட்டான். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும். வீட்டம்மாவைக் கடை கடையாகக் கூட்டிப்போக வேண்டும். மீதி நேரத்தில் காரைத் துடைக்க வேண்டும். கேட்டை ஒட்டிய ஒற்றை அறையில் படுக்கை.

அங்கே அவர் தொழில் படித்தது அவமானப்பட்டுத்தான். முதல் வருஷக் குளிர்காலத்தில், பல மாதம் கழித்து ஒரு தூறல் போட்டது. ரோடு நனைந்ததுபோலக்கூடத் தெரியவில்லை. ரவுண்டானாவில் லேசாக பிரேக்கைத் தொட்டார். கார் குறுக்கே வழுக்கிக்கொண்டு போய்த் தடுப்புச் சுவரில் முட்டி நின்றது. அரபி அடிக்கவில்லை, திட்டவில்லை. நசுங்கிய காரின் பக்கத்தில் அன்று பகல் முழுக்க அவரை நிற்க வைத்தான். வீட்டுப் பிள்ளைகள் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தன.

அதற்குப் பிறகு அவருக்கு எதுவும் மறக்கவில்லை. வெயில் காலமெல்லாம் ரோட்டில் படிந்த தூசியும் ஆயிலும் ரப்பரும் முதல் தூறலில் ஊறிச் சோப்பு மாதிரி மேலே வரும். அந்த அரை மணி நேரம்தான் எமன். கொட்டித் தீர்த்துவிட்டால் ரோடு கழுவிவிடும், பிறகு பயமில்லை. மூடுபனியில் பெரிய லைட்டைப் போட்டால் வெளிச்சம் திரும்பி நம் கண்ணிலேயே அடிக்கும், தாழ்ந்த லைட்தான் போட வேண்டும். மணல் காற்று கிளம்பினால் ரோட்டை விட்டே இறங்கி, எல்லா விளக்கையும் அணைத்து, பிரேக்கிலிருந்தும் காலை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் நம் சிவப்பு விளக்கை ரோடு என்று நம்பிப் பின்னால் வருகிறவன் மேலே ஏற்றுவான். முன்னால் போகும் வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டினால் மனதுக்குள் மூன்று எண்ணுவார். எண்ணி முடிப்பதற்குள் தன் வண்டி அந்தக் கம்பத்தை எட்டிவிட்டால் காலைத் தளர்த்துவார். மழையென்றால் ஆறு எண்ணுவார். எட்டு வருஷம் அப்படி எண்ணிக்கொண்டே ஓட்டினார். அந்த வீட்டுப் பிள்ளைகள் மேல் ஒரு கீறல் விழவில்லை.

ஊரில் இதில் ஒரு வரி யாருக்கும் தெரியாது, மனைவி ஜுலைகா ஒருத்தியைத் தவிர. மகள் மர்வாவுக்குக்கூடத் தெரியாது. போன முதல் வருஷம் ஜுலைகா போனில் கேட்டாள், "என்ன வேலைன்னு கேக்குறாங்க, என்னன்னு சொல்லட்டும்?" "சூப்பர்வைசர்னு சொல்லு" என்றார் அவர். ஒரு வெள்ளிக்கிழமை அரபியின் ஆபீஸ் காலியாகக் கிடந்தபோது, அவன் நாற்காலியில் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பினார். ஜுலைகா அதைக் கண்ணாடி போட்டு, வாசலில் நின்றாலே தெரிகிற மாதிரி மாட்டினாள்.

அந்தப் பொய்க்கு ஒரு காரணம் இருந்தது. ஜபருல்லாவின் அத்தா காதர் மொய்தீன், ஊரில் பெரிய ஜவுளிக்கடைக் குடும்பத்துக்கு மாட்டுவண்டி ஓட்டியவர். ஜவுளி மூட்டைகளை ஏற்றி இறக்கி, கடைக்காரர் வீட்டுப் பெண்களைச் சொந்தக்காரர் வீடுகளுக்குக் கொண்டுபோய் விட்டு, அங்கே மாட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டு வருவார். அதனால் அவர்கள் வீட்டுக்கு ஊரில் வண்டிக்கார வூடு என்றே பெயர். பள்ளிக்கூடத்திலும் ஜபருல்லா வண்டிக்கார வூட்டுப் பையன்தான். சவூதி போயும் வண்டிதான் ஓட்டுகிறான் என்று தெரிந்தால், பேரன் பேத்தி காலம் வரைக்கும் அந்தப் பெயர் போகாது. ஒற்றைச் சொல்லில் அது போயிற்று. தொண்ணூற்றெட்டு வாக்கில் தபால்காரரே "சூப்பர்வைசர் வூடு" என்று கேட்டு வர ஆரம்பித்துவிட்டார்.

இரண்டாயிரத்து மூன்றில் அவர் ஒரேயடியாக ஊர் திரும்பினார். வந்த கொஞ்ச நாளில் மர்வாவுக்கு அதே ஜவுளிக்கடைக் குடும்பத்திலிருந்து சம்பந்தம் வந்தது. கடையை இப்போது நடத்தும் ஹாஜியார் அப்துல் கனியின் மகன் முகமது அனஸுக்குப் பெண் கேட்டார்கள். நிச்சயத்தன்று ஹாஜியார் ஜபருல்லாவின் தோளில் கையைப் போட்டு, சபை கேட்கச் சொன்னார்: "இவங்க அத்தா எங்க வூட்டு வண்டிய ஓட்டுனாங்க. இவங்க சவூதியில சூப்பர்வைசர். மனுசன்னா இப்புடி வளரணும்." எல்லோரும் தலையாட்டினார்கள். ஜபருல்லாவும் ஆட்டினார்.

நோன்பு முடிந்து ஷவ்வால் மாதத்தில் நிக்காஹ் என்று நாள் குறித்தார்கள். அதற்கு முன், அரியலூரில் மளிகை மண்டி வைத்திருக்கும் ஹாஜியாரின் அக்கா மாப்பிள்ளையான மச்சான் தாவூதை இரண்டு வீட்டாருமாகப் போய் அழைக்க வேண்டும். அவரை முதலில் அழைக்காவிட்டால் அந்தக் குடும்பத்தில் ஒரு நல்லதும் நடக்காது. அக்டோபர் மாதம் ஒரு காலையில் அனஸின் புது இண்டிகாவில் கிளம்பினார்கள். அனஸ் ஓட்டினான். முன் சீட்டில் ஹாஜியார். பின்னால் ஜபருல்லா, ஜுலைகா, அனஸின் தங்கை ஆஃப்ரா. அந்தப் பிள்ளை ஆறாவது படித்தது. கதவோரம்தான் உட்காருவேன் என்று அடம்பிடித்து உட்கார்ந்துகொண்டது.

"வண்டி எப்புடி மாமா?" என்று அனஸ் கண்ணாடியில் பார்த்துக் கேட்டான்.

"நல்லாருக்கு மாப்ள. ஓட்டி எவ்வளவு நாளாச்சு?"

"லைசென்ஸ் வந்து ரெண்டு வாரம். பத்து நாள் கோர்ஸ் மாமா, நான் ஆறு நாள்தான் போனேன். ஸ்டீயரிங் புடிச்ச தோரணையப் பாத்துட்டு மாஸ்டரே, உனக்குக் கத்துக்குடுக்க ஒண்ணுமில்ல போன்னுட்டாரு."

"டிரைவரு வெச்சிருந்தேன்" என்றார் ஹாஜியார். "நிக்கிற எடத்துலல்லாம் டீ கேப்பான். போற வூட்டுல அவனுக்குத் தனியா ஒரு எலை போடச் சொல்லணும். மவன் கத்துக்கிட்டான், தொல்லை விட்டுச்சு."

குன்னம் தாண்டியதும் முன்னால் ஒரு டிப்பர் லாரி வந்து சேர்ந்தது. அனஸ் அதன் வாலை ஒட்டியே போனான். லாரி ஒரு புளியமரத்தைத் தாண்டியபோது ஜபருல்லா பழக்கத்தில் எண்ணத் தொடங்கினார். ஒன்று என்று எண்ணி முடிப்பதற்குள் இண்டிகா அந்த மரத்தைத் தாண்டிவிட்டது. அவருடைய வலது கால் தானாகவே கார்த் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. ஜுலைகா அதைப் பார்த்துவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்துவிடுகிற சாக்கில் அவர் தொடையில் கிள்ளினாள்.

ஹாஜியார் திரும்பி உட்கார்ந்தார். "மேலத்தெரு சேதி கேட்டீங்களா? குவைத்துல மேனேஜர்னு சொல்லிப் பொண்ணு கேட்டு வந்தானுவ. அங்கேருந்து லீவுல வந்தவன் ஒருத்தன் போட்டு ஒடச்சிட்டான். மாப்பிள்ள அங்க ஹவுஸ் டிரைவராம். நிச்சயத்த முறிச்சுட்டாங்கள்ல."

"பாவம், அந்தப் பொண்ணு" என்றாள் ஜுலைகா.

"பாவம் என்ன பாவம், தப்பிச்சா."

"டிரைவர் வேலைக்கு என்ன கொறச்சல் ஹாஜியாரே?" என்று ஜபருல்லா கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் தன் குரல் தனக்கே காதில் விழுந்தது.

ஹாஜியார் பெரிதாகச் சிரித்தார். "ஒரு கொறச்சலும் இல்ல. சம்பந்தம் பண்ண முடியாது, அவ்வளவுதான்."

அரியலூரை நெருங்கும்போது ரோடே வெளுத்துக் கிடந்தது. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓயாமல் ஓடி ஓடி, சிந்திய தூள் ரோட்டிலும் வேலிமரங்களிலும் மாவு தூவியதுபோலப் படிந்திருந்தது. இரண்டு வருஷமாகச் சரியான மழை இல்லை. அந்த வெள்ளையைப் பார்த்ததுமே ஜபருல்லா மேற்கே வானத்தைப் பார்த்தார். ஓரத்தில் கறுத்திருந்தது.

தாவூது வீட்டில் நல்ல விருந்து. தாவூதே எழுந்து வந்து, "சூப்பர்வைசர் சம்பந்திக்கு நல்ல கறியா பாத்து வைங்க" என்று தன் கையால் ஜபருல்லாவின் தட்டில் எடுத்து வைத்தார். வழியனுப்பும்போது தெருமுனை வரை கூடவே நடந்து வந்தார். ஜபருல்லாவுக்கு வாழ்க்கையில் கிடைத்த பெரிய மரியாதை அதுதான். அது நாலு மணி நேரம் தாங்கியது.

ஊர் எல்லையைத் தாண்டும்போது முதல் சொட்டு கண்ணாடியில் விழுந்தது. "மழைடோய்!" என்று ஆஃப்ரா கத்திக்கொண்டு கையை வெளியே நீட்டியது. பெருமழையாக வந்திருந்தால் ஜபருல்லா சும்மா இருந்திருப்பார். வந்தது தூறல். ரோட்டு வெள்ளை கரைந்து இட்லி மாவு பதத்துக்கு வந்துகொண்டிருந்தது.

"மாப்ள, அசர் நேரமாச்சு. அங்க ஒரு பள்ளி தெரியுது. தொழுதுட்டுப் போயிருவோமே."

"ஊருக்குப் போயி தொழுதுக்கலாம்" என்றார் ஹாஜியார்.

"இல்ல, ஒரு டீயாச்சும்..."

"இப்பத்தானே சாப்ட்டீங்க!"

"வவுறு ஒரு மாதிரியா இருக்கு. செத்த நிறுத்துனா..."

"கறி ஒத்துக்கலையா மாமா?" அனஸ் சிரித்தான். "முக்கா மணி நேரம் பொறுத்துக்குங்க. ஒரே அழுத்தா அழுத்திடுறேன்."

ஜுலைகாவின் விரல்கள் இப்போது அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்தன. பேசாதீங்க என்று அந்தப் பிடி சொன்னது. அவர் பேசவில்லை. வாயைத் திறந்தால் வருவது டிரைவர் பேச்சாகத்தான் இருக்கும், அது வந்தால் மர்வாவின் நிக்காஹ் போகும் என்று அவருக்குத் தெரியும். அந்தப் பக்கம் கதவில் ஆஃப்ரா விரலால் கண்ணாடியில் பூ வரைந்துகொண்டிருந்தது.

முன்னால் ஒரு டிப்பர். அதன் சக்கரத்திலிருந்து பால் நிறச் சேறு வந்து கண்ணாடியை மூடியது. வைப்பர் அதை வழித்து இன்னும் பூசியது. அனஸ் எரிச்சலோடு ஹாரனை அடித்துக்கொண்டு வலப்பக்கம் ஏறினான். எதிரே பஸ். அவன் பிரேக்கை முழுசாக மிதித்தான்.

கார் நிற்கவில்லை. சத்தமே இல்லாமல், பின்பக்கம் மட்டும் தனியாகக் கழன்றதுபோல வலது பக்கம் விலகி, ஆஃப்ரா உட்கார்ந்திருந்த கதவைப் பஸ்ஸுக்கு நேராகக் காட்டிக்கொண்டு போனது. ஹாஜியார் "யா அல்லாஹ்" என்றார். அனஸ் இன்னும் அழுத்தினான்.

"பிரேக்க விடுறா!" என்ற சத்தத்தில் கார் அதிர்ந்தது. "கால எடு! எடுங்கறேன்ல! ரோட்டப் பாரு, பஸ்ஸப் பாக்காத. லேசா வலது ஒடி. லேசா! இப்ப நேராக்கு. இடது ஓரம் வா. பிரேக் வேணாம், கியரக் கொற. விடு, அதுவா நிக்கும்."

அனஸின் கைகால்கள் அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டன. பஸ் ஹாரனைப் பிடித்த பிடி விடாமல் உரசுகிற தூரத்தில் போயிற்று. இண்டிகா டிப்பருக்குப் பின்னாலேயே இழுத்துக்கொண்டு போய், இடதுபுறக் கரிசல் மண்ணில் இறங்கி, முனகி நின்றது.

ஆஃப்ரா அழ ஆரம்பித்தது. அனஸ் கதவைத் திறந்து இறங்கி, வேலி ஓரம் போய்க் குனிந்து வாந்தி எடுத்தான். திரும்பி வந்தவன் ஸ்டீயரிங் பக்கம் வரவில்லை.

"மாமா, நீங்க வாங்க."

ஜபருல்லா ஜுலைகாவைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எனக்கு எங்க..." என்று அவர் ஆரம்பித்ததை அவராலேயே முடிக்க முடியவில்லை. முன்னால் வந்து உட்கார்ந்தார். அரபு நாட்டில் ஸ்டீயரிங் இடப்பக்கம், கியர் வலக்கைக்கு. எட்டு வருஷப் பழக்கத்தில் அவருடைய வலக்கை கியரைத் தேடிப் போய்க் கதவில் டொக்கென்று இடித்தது. ஹாஜியார் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு இடக்கை கியரைக் கண்டுபிடித்து, கார் சேற்றிலிருந்து ஒரு குலுக்கல் இல்லாமல் ரோடேறியதையும் பார்த்தார். அவருக்கு வேறெதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

முதலில் ரோட்டோரமாகவே ஊர்ந்தார். பிறகு கொட்டி அடித்த மழை ரோட்டைக் கழுவும் வரைக்கும் ஒரு பெட்ரோல் பங்க்கில் ஒதுங்கி நின்றார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கிளம்பியதும் தாழ்ந்த லைட்டைப் போட்டு, டிப்பர்களைப் போகவிட்டு, கம்பத்துக்குக் கம்பம் ஆறு எண்ணிக்கொண்டு ஓட்டினார். ஆஃப்ரா தூங்கிவிட்டது. ஜபருல்லாவுக்கு, அவமானத்துக்கு நடுவில், கைக்கு ஒரு சுகம் இருந்தது. சொந்த ஊர் ரோட்டில் அன்றுதான் முதல்முதலாக ஓட்டினார்.

ஹாஜியார் வீட்டு வாசலில் நிறுத்தினார். ஹாஜியார் உடனே இறங்கவில்லை. ஏதோ யோசனையில் இருப்பவர் போல உட்கார்ந்திருந்தார். கதவு திறக்கப்படக் காத்திருக்கிறார் என்று ஜபருல்லாவுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. அவருடைய உடம்புக்கு அதுகூட ஆகவில்லை. இறங்கிச் சுற்றிப் போய்த் திறந்துவிட்டிருந்தார்.

"வண்டிய ஷெட்டுல விட்டுட்டு சாவிய உள்ள குடுத்துடு, ஜபரு" என்றார் ஹாஜியார்.

காலையில் அவர் சம்பந்தி. வாங்க, போங்க.

வீட்டுக்கு வந்ததும் ஜுலைகா முக்காட்டைக்கூட எடுக்காமல் சுவரோரம் உட்கார்ந்தாள். மர்வா தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, இரண்டு பேர் முகத்தையும் பார்த்து உள்ளே போய்விட்டாள்.

"செத்திருந்தாகூட சூப்பர்வைசராச் செத்திருப்பீங்க" என்றாள் ஜுலைகா.

"அந்தப் புள்ளையுமா சேர்ந்து?"

அவள் எழுந்து போய்ச் சுவரிலிருந்த போட்டோவைக் கழற்றி, பீரோவுக்கு அடியில் தள்ளினாள். சுவரில் அது இருந்த இடம் மட்டும் சதுரமாக வெளுத்துத் தெரிந்தது.

சம்பந்தம் முறியும் என்று இருவரும் காத்திருந்தார்கள். முறியவில்லை. நான்காம் நாள் ஹாஜியாரே வந்தார். வெளுத்த சதுரத்தைப் பார்த்தார். "ஊரக் கூட்டிப் பேசின பேச்சு. மாத்துனா எங்களுக்கும் அசிங்கம். பொண்ணு நல்ல பொண்ணு" என்றார். பிறகு கிளம்பும்போது, போகிற போக்கில், "நாளைக்குப் பெரம்பலூர் போவணும். காலையில வந்துடு" என்றார்.

ஜபருல்லா போனார். போகாமல் எப்படி இருப்பது? அந்த வீட்டில்தான் மகள் வாழப்போகிறாள். லைசென்ஸுக்குக்கூட ஹாஜியாரே ஆளைப் பிடித்து ஏற்பாடு செய்தார். நோன்பு மாதம் முழுக்க வரதராஜன்பேட்டை, உடையார்பாளையம் என்று நிக்காஹ் அழைப்புக்குப் போன இடமெல்லாம் ஜபருல்லாதான் ஓட்டினார். முதல் இரண்டு வீடுகளில் "நீயும் உள்ள வா" என்றார் ஹாஜியார். மூன்றாவது வீட்டில் சொல்ல மறந்தார். பிறகு மறப்பதே வழக்கமாகிவிட்டது. தன் மகளின் நிக்காஹுக்கு அழைக்கப்போன வீடுகளின் வாசலில் அவர் காரைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

ஒருநாள் நோன்பு திறந்துவிட்டுப் பள்ளிவாசலுக்கு வெளியே நின்றபோது, அனஸ் கூட்டாளிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. "வண்டி சுத்துதுடா. வேற எவனா இருந்தாலும் பிரேக்க அழுத்திச் செத்திருப்பான். நான் டக்குனு கால எடுத்துட்டேன். லேசா ஒடிச்சேன், நேராக்கினேன். அதான்டா டெக்னிக்." ஜபருல்லா செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். தெருமுனையில் ஒரு சிறுவன் இன்னொருவனுக்கு வழிகாட்டிக்கொண்டிருந்தான்: "நேரா போ, வண்டிக்கார வூடு வரும், அங்க திரும்பு."

நிக்காஹ் நாளன்று விடியும்போதே மழை. ஹாஜியார் போன் செய்தார். தாவூதின் டிரைவர் வரவில்லையாம்.

"போயி மச்சானக் கூட்டிக்கிட்டு வந்துடு. அவரு இல்லாம நிக்காஹ் நடக்காது."

"பொண்ணுக்கு அத்தா நான்தானே ஹாஜியாரே. நிக்காஹ் ஓதுற ஹஜ்ரத் முன்னால நான் உக்காரணும்ல?"

"உக்காரு, யாரு வேணாங்குறா? இப்பவே கெளம்புனா பதினோரு மணிக்குள்ள வந்துடலாம். இந்த மழையில வேற எவனையும் நம்பி அவர ஏத்த முடியாது ஜபரு. ஒன்னயத்தான் நம்புறேன்."

புதுச் சட்டையோடு கிளம்பினார். அரியலூரில் தாவூது தயாராவதற்கு நேரம் பிடித்தது. குடையோடு வந்தவருக்கு முன் கதவைத் திறந்து நின்றார் ஜபருல்லா. தாவூது ஒரு கணம் தயங்கினார். விருந்தன்று தன் கையால் கறி எடுத்து வைத்தது ஞாபகம் வந்திருக்க வேண்டும். பிறகு "பின்னாடியே தோது" என்று தானே கதவைத் திறந்து பின் சீட்டில் ஏறிக்கொண்டார். முன் சீட்டு ஊர் வரைக்கும் காலியாகவே வந்தது.

பாதி வழியில் ஓடையின் தரைப்பாலத்தின் மேல் செந்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஓரக்கற்கள் எதுவும் தெரியவில்லை. ஜபருல்லா நிறுத்தினார்.

"பஸ்ஸு போவுது பாரு, அதும் பின்னாடியே விடு" என்றார் தாவூது.

"பஸ்ஸு ஒசரம், கனம். அது தாங்கும். நம்ம வண்டிய தண்ணி தூக்கிடும். ரோடு அடியில இருக்கா அறுத்துக்கிட்டுப் போயிடுச்சான்னும் தெரியல."

"ஒம் மவ நிக்காஹுய்யா! நேரமாவுதுன்னு எனக்கிருக்கு, ஒனக்கில்லியே."

ஜபருல்லா தண்ணீரையே பார்த்தார். அது கணுக்கால் ஆழமா இடுப்பாழமா என்று எந்த மனிதனாலும் சொல்ல முடியாது. வேகமாக விட்டால் பாய்ந்து கடந்துவிடலாம். எத்தனையோ பேர் போகிறார்கள். அவருடைய கால் ஆக்சிலரேட்டர் மேல்தான் இருந்தது. பிறகு ரிவர்ஸ் போட்டுத் திருப்பி, சுற்று வழியில் விட்டார். அந்த வழியிலும் நாற்பதுக்கு மேல் முள்ளை ஏறவிடவில்லை.

வழியில் செல்போன் அடித்தது, ஹாஜியார்தான். ரோட்டை விட்டு முழுசாக இறங்கி நிறுத்தி, நான்கு மூலை விளக்கையும் போட்டுவிட்டு எடுத்தார்.

"எங்கடா இருக்கே? ஹஜ்ரத்து இன்னொரு நிக்காஹுக்குப் போவணுங்குறாரு. ஒன் தம்பிய ஒனக்குப் பதிலா உக்கார வெக்கிறோம். சம்மதம்னு வாயால சொல்லிடு, ஹஜ்ரத்து கேக்குறாரு."

"மச்சான் வராம நடக்காதுன்னீங்களே..."

"அவருகிட்ட நான் சொல்லிக்கிறேன். சொல்லுப்பா, கூட்டம் காத்திருக்கு."

கார்க் கூரையில் மழை கொட்டியது. மகள் மர்வாவை முகமது அனஸுக்கு நிக்காஹ் செய்துகொடுக்கத் தன் தம்பிக்குத் தான் சம்மதம் கொடுப்பதாகச் சொன்னார். கேட்கவில்லை என்றார்கள். இன்னொரு முறை கத்திச் சொன்னார்.

"முடிஞ்சுதா?" என்று பின்னாலிருந்து தாவூது கேட்டார். "சரி, நிதானமாவே போ இனிமே. பிரியாணியாச்சும் மிச்சம் வெச்சிருப்பானுவளா?"

ஜபருல்லா போய்ச் சேர்ந்தபோது பந்தலில் சர்க்கரையும் பேரீச்சம்பழமும் கொடுத்து முடித்திருந்தார்கள். ஹாஜியார் மச்சானைக் கட்டித் தழுவி உள்ளே கூட்டிப்போனார். "வண்டிய ஓரமா போடுங்க, வழிய மறிக்குது" என்று யாரோ சொன்னார்கள். ஓரமாகப் போட்டார்.

மறுநாள் காலை மணமக்கள் நாகூருக்குக் கிளம்பினார்கள். அரியலூர், மீன்சுருட்டி வழியாக நீண்ட தூரம். வானம் மூடித்தான் இருந்தது. ஜபருல்லா முன்னதாகவே வந்து டயர்களைப் பார்த்து, வைப்பர் ரப்பரைத் துடைத்து வைத்திருந்தார். தன்னை ஓட்டச் சொல்வார்கள் என்றுதான் நினைத்திருந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக, சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

"நானே ஓட்டிக்கிறேன்" என்று அனஸ் சாவிக்குக் கை நீட்டினான். "புதுசா நிக்காஹ் ஆனவங்களுக்கு நடுவுல நீங்க எதுக்கு?" கூட்டாளிகள் சிரித்தார்கள்.

"அதுக்கில்ல மாப்ள. ரோடு ஈரமா இருக்கு. லாரி பின்னால ஒட்டிப் போவாதீங்க. தரைப்பாலத்துல தண்ணி ஓடுனா..."

"தெரியும். எத்தன வாட்டி சொல்லுவீங்க?"

முன் சீட்டில் மர்வா உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியை இறக்கி, "போயிட்டு வரேன் அத்தா" என்றாள். வேறெதுவோ சொல்ல வாயெடுத்தாள். "சாரல் அடிக்குது" என்று அனஸ் தன் பக்கம் ஏறிக்கொண்டே சொன்னான். கண்ணாடி மேலே ஏறியது.

கார் தெருவில் சேற்றை வாரி அடித்துக்கொண்டு பாய்ந்தது. முனை திரும்பும் இடத்தில், திரும்புவதற்கு முன்னால் குறைக்க வேண்டிய வேகத்தோடு அப்படியே போனது. வளைவின் நட்ட நடுவில் பிரேக் விளக்குகள் சிவந்தன. வளைந்து மறையும் வரைக்கும் அவை அணையவில்லை.

"கால எடு" என்றார் ஜபருல்லா. மழை வந்துவிட்டதால் பந்தலில் நின்ற எல்லோரும் உள்ளே போய்விட்டிருந்தார்கள். "கால எடுறா."